பேச்சுத் துணை

வெள்ளைத் துணியில செக்கிங் பார்க்கறதுதான் செரமம்னு எல்லாரும் நெனைக்கறாங்க, டாக்டரம்மா. அப்படியில்லீங்க. வெள்ளையில ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் அதுவே காட்டிக் குடுத்துரும். கருப்புலதான் ஓட்டை இருந்தாலும் கண்ணுக்குத் தட்டுப்படாது, டியூப்லைட்டுக்கு நேரா விரிச்சுப் புடிக்கோணும். பனியன் கம்பெனியில பாதி ஆயுசை அந்த லைட்டுக்கடியில நின்னே கழிச்சவ நான். சித்ராதேவி பார்த்து உட்ட பீஸு திரும்பி வந்துச்சுன்னு ஒருத்தரும் சொல்லமாட்டாங்க. அதனால நீங்க கதவைச் சாத்திட்டு, "உங்க மருமக மாத்திரையைத் துப்பலைன்னு நான் நம்பறேன், நடந்ததைச் சொல்லுங்க"ன்னு கேட்டப்ப எனக்குக் கோவம் வரலை. பரவால்ல, இந்த டாக்டர் பொண்ணுக்கும் செக்கிங் தெரியுதுன்னுதான் நெனைச்சேன்.

அவ துப்பலீங்க. ஒரு நாளும் துப்பலை. நான் குடுத்ததை முழுங்கிட்டு, "போட்டுட்டேனுங்க அத்தை"ன்னு வாயைத் தொறந்து காட்டுவா. நான் கேக்கவே மாட்டேன், அவளாத்தான் காட்டுவா.

மொதல்ல இருந்தே சொல்லிர்றேன். கறந்த பால் மடி ஏறாது, இனி மறைச்சு என்ன ஆகப்போகுது.

என்ற பையன் அருள்செல்வனுக்கு மடத்துக்குளத்துல பொண்ணு பார்த்தோம். பார்க்கப் போன அன்னைக்கே கலைமகள் எதையும் மறைக்கலை. "எனக்கு மனசு ஒரேயடியா ஏறும், ஒரேயடியா எறங்கும், அப்படியொரு நோவுங்க. பைபோலார்னு சொல்வாங்க. மாத்திரை போட்டுட்டிருந்தா எல்லார் மாதிரியும் இருப்பேன்"னு என்ற மூஞ்சியைப் பார்த்தே சொன்னா. அருளுக்கு அந்த நேர்மை புடிச்சுப் போச்சு. எனக்கும்தான். குத்தம் இன்னதுன்னு முன்னாலயே சொல்லிட்டு சரக்கு குடுக்கற கம்பெனி எங்கிருக்குது, சொல்லுங்க.

கல்யாணமாகி வந்து நல்லாத்தான் இருந்தா. சமைப்பா, தொவைப்பா, கேட்டதுக்குப் பதில் சொல்லுவா. அதுக்கு மேல பேச்சு வராது. அருளு மெர்ச்சண்டைசரு. காத்தால போனா ஷிப்மெண்ட்டு, சாம்பிளுன்னு பொழுது போயித்தான் வருவான், வந்தும் போனைக் காதுல வெச்சுட்டே சோறு திம்பான். எங்கூட்டுக்காரரு போயிச் சேர்ந்து வருசமாச்சு. மூட்டுவலின்னு நானும் வேலையை உட்டுட்டேன். கம்பெனியில நாள் பூராம் பாட்டும் கேலியுமா இருந்தவ, ஊட்டுல ஃபேன் சுத்தற சத்தத்தைக் கேட்டுட்டு உக்காந்திருந்தேன். டிவியில பேசறாங்கதான், ஆனா நம்மளைப் பார்த்துப் பேசறதில்லையே. ரொம்ப வெசனமா இருக்குமுங்க. அதையெல்லாம் யாருகிட்டப் போயிச் சொல்றது.

அவ முழுகாம இருக்கையில நீங்கதான் அளவு பார்த்து மாத்திரை எழுதிக் குடுத்தீங்க. அவளா நிறுத்திறக் கூடாது, நிறுத்தினா தாய்க்கும் ஆகாது, புள்ளைக்கும் ஆகாது, ரத்தத்துல மருந்து எவ்வளவு இருக்குதுன்னு அப்பப்ப பார்க்கோணும், நல்லாத் தூங்கோணும்னு சொன்னீங்க. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். காது நல்லாத்தான் கேட்டுச்சு.

மசக்கையில ஒரே வாந்தி. போட்ட மாத்திரை வயித்துல தங்கலை. அப்பத்தானுங்க அவ எங்கூடப் பேச ஆரம்பிச்சா. "அத்தை, தலைக்கு எண்ணெய் வெக்கட்டுங்களா"ன்னு வந்து உக்காந்தா. என்ற தலையை இன்னொருத்தர் கை தொட்டு எத்தனை காலமாச்சு. கம்பெனிக் கதை சொல்லச் சொல்ல உழுந்து உழுந்து சிரிச்சா. எங்க சூப்பர்வைசர் பழனிமுத்து மாதிரி நடந்து காட்டுனா, அந்தாளை அவ கண்ணால பார்த்ததே இல்லை. "இனி அத்தையெல்லாம் இல்லை, அம்மான்னுதான் கூப்பிடுவேன்"னா. அட சாமி, ஊடே நோம்பியாட்டம் இருந்துச்சு. அப்புறம் தூக்கமில்லாமத் திரியறாளேன்னு அருளு பயந்துட்டு உங்ககிட்டக் கூட்டிட்டு வந்தான். நீங்க வாந்திக்கு மருந்து குடுத்து, மாத்திரையைத் தங்க வெச்சீங்க. கொஞ்ச நாள்ல மறுபடியும் ஃபேன் சத்தந்தான்.

"இனிமே மாத்திரையை நீயே கையில எடுத்துக் குடும்மா"ன்னு அருளு எல்லாத்தையும் எங்கிட்டக் குடுத்தான். நான் கேக்கலீங்க. அவனாத்தான் குடுத்தான்.

வயித்துல புள்ளையை வெச்சுட்டு இத்தனை மருந்து திங்கறது நல்லதான்னு எனக்கொரு யோசனை. சாயத்தண்ணி உழுந்து நொய்யல் ஆறு என்னாச்சுன்னு பார்த்தவங்க நாங்க. அதனால அவளோடதை எடுத்து வெச்சுட்டு, அதே வெள்ளையில இருக்கற சத்து மாத்திரையைக் குடுத்தேன். புள்ளைக்காகத்தான்.

ஒட்டுக்கா நிறுத்திரலை, அப்படிப்பட்டவ இல்லை நான். பேச்சு கைமீறிப் போச்சுன்னா அவளோட மாத்திரையைக் குடுப்பேன். வாயே தொறக்காம உக்காந்துட்டா நிறுத்திருவேன். ஓவர்லாக் மெஷின்ல நூலு டென்ஷன் திருகற மாதிரி, கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி. ரத்தம் பார்க்கற தேதி வருதுன்னா, அதுக்கு முந்தி சில நாளைக்கு ஒழுங்கா எல்லாம் குடுத்துருவேன். சரக்கு வாங்கற பையரு ஆளுக பார்க்க வர்ற அன்னைக்கு நல்ல பீஸாப் பொறுக்கி பெட்டியில மேல அடுக்கறது எங்களுக்குப் பழக்கம். நீங்களும் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, அளவு சரியாத்தானே இருக்குது, அப்புறம் ஏன் தூக்கம் புடிக்கலைன்னு கொழம்புனீங்க. பாவம், உங்களுக்கும் வீண் அலைச்சல்.

நல்ல மாசங்க அதெல்லாம். என்ற வாழ்க்கையிலயே நல்ல மாசங்க. ஒருநாள் மட்டும் என்ற மடியில படுத்துட்டு, "மாத்திரை போட்டும் இப்படி ஆகுதேம்மா, எனக்குப் பயமா இருக்குது"ன்னு அழுதா. "அதெல்லாம் மசக்கை, கண்ணு. நான் இருக்கறேன்ல"ன்னு தட்டிக் குடுத்தேன். அழுகறதும் ஒரு பேச்சுதானுங்களே.

ஒம்பதாம் மாசம் பொறந்துச்சு. எங்க பக்கம் கட்டுச்சோறு கொண்டாந்து விருந்து வெச்சு, தலைப்பிரசவத்துக்குப் பொண்ணைத் தாயூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க. அவங்கம்மா வெள்ளையம்மாள் நாள் பார்த்துட்டாங்க. போனா எப்பத் திரும்பி வருவாளோ. மாத்திரையும் அவங்க கைக்குப் போயிரும். உடம்பு கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா, டாக்டருக்குப் பக்கத்துலயே இருக்கட்டும்னு உட்டுட்டுப் போவாங்கன்னு கணக்குப் போட்டேன். அதனால விருந்துக்கு முந்தி கொஞ்ச நாளா அவளோட மாத்திரை ஒண்ணுகூடக் குடுக்கலை.

அன்னைக்கு ஊடு நெறைய ஒறம்பரை சனம். தூக்குப்போசி தூக்குப்போசியாப் புளிசோறும் தயிர்சோறும் வந்து எறங்குச்சு. கலைமகள் சந்தனம் பூச வந்தவங்களுக்கெல்லாம் கையில கெடந்த வளையலைக் கழட்டிக் கழட்டிக் குடுத்தா. கழுத்துச் சங்கிலியை எடுத்து, கீழ் ஊட்டுல குடியிருக்கற ரோஸ்மேரி கழுத்துல போட்டுட்டா. மொதல்ல எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் பெத்தவளைப் பார்த்து, "என்ற புள்ளையைத் தூக்கிட்டுப் போறதுக்குத்தான் சோறு கட்டிட்டு வந்தியா"ன்னு கத்திட்டு மாடிப்படியில ஓடுனா. சேலை தடுக்கிருச்சு. கடைசிப்படி வரைக்கும் உருண்டா. நான் மேலதான் நின்னேன். "என்னக்கா பாத்துட்டு நிக்கிய, ஆட்டோவக் கூப்பிடுங்க"ன்னு ரோஸ்மேரிதான் ஓடிப்போயித் தூக்குனா.

அன்னைக்கே ஆபரேசன் பண்ணிப் புள்ளையை எடுத்தாங்க. பொம்பளைப் புள்ளை. கண்ணாடிப் பெட்டியில கெடக்குது. பொழைச்சுக்கும்னு சொல்றாங்க.

நீங்களும் அன்னைக்கே ரத்தம் எடுத்துட்டீங்க. சொல்லாம வர்ற இன்ஸ்பெக்‌ஷன், அதைத்தான் நான் யோசிக்கலை. ரத்தத்துல மருந்தே இல்லைன்னு வந்துச்சு. "துப்பியிருக்கறே, எங்க எல்லாரையும் ஏமாத்தியிருக்கறே"ன்னு அருளு எல்லாரு முன்னாலயும் கத்துனான். "பெட்டியில கெடக்கற என்ற புள்ளை மேல சத்தியமுங்க, ஒருநாளும் துப்பலீங்க"ன்னா. பெத்தவகூட நம்பலை. கலைமகள் என்னைப் பார்த்தா. வாயைத் தொறந்து காட்டுனதைப் பார்த்தவ நான் ஒருத்திதானே. நான் சேலை முந்தியில ஒரு பிசிறு நூலைப் பிச்சுட்டு நின்னேன்.

அன்னையிலிருந்து செவுத்தைப் பார்த்துப் படுத்திருக்கறா. நர்சம்மா மாத்திரை கொண்டாந்தா மூஞ்சியைத் திருப்பிக்கறா. "ஒழுங்காப் போட்டும் என்ற புத்தி கெட்டுச்சு, என்ற புள்ளையைக் கொல்லப் பார்த்தேன். எனக்கு எந்த மருந்தும் கேக்காது"ன்னு திரும்பத் திரும்ப அதையே சொல்றா. சோறு எறங்கலை. புள்ளையைப் போயிப் பார்க்க மாட்டேங்கறா. இப்படியே உட்டா உயிருக்கே ஆகாதுன்னு நீங்களே சொல்றீங்க. எனக்கும் வெசனமாத்தான் இருக்குது. எங்கூடவும் ஒரு வார்த்தை பேசறதில்லை.

இந்தாங்க. சட்டைப் பட்டன் போட்டு வெக்கற கவருங்க இது. வெள்ளைப் பட்டனோட கலந்து வெச்சிருந்தேன், யாரு பார்த்தாலும் தெரியாது. பொறுக்கிப் பாருங்க, அவளோடது பூராம் இதுலதான் இருக்குது. ஒண்ணைக்கூட நான் வீணாக்கலை.

போலீசுல சொல்லோணும்னா சொல்லுங்க. அருளுகிட்டச் சொல்லுங்க, வையட்டும், வையறதுக்காச்சும் எங்கிட்ட வாயைத் தொறப்பான். கலைமகள்கிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. சொன்னா, தன்மேல பழியில்லைன்னு எந்திரிச்சு உக்காந்துக்குவா. மாத்திரையும் போடுவா, புள்ளையையும் தூக்குவா, அது எனக்குத் தெரியாம இல்லை. அப்புறம் அவங்கம்மாகூடக் கெளம்பி மடத்துக்குளம் போயிருவா. எங்கூட யாருங்க பேசறது.

அவ மருந்து சாப்பிடோணும், உங்களுக்கு அவ்வளவுதானே. அதை என்ற கையில குடுங்க, டாக்டரம்மா. யாரு குடுத்தும் வாங்காதவ, நான் குடுத்தா வாங்கிப் போட்டுட்டு வாயைத் தொறந்து காட்டுவா. என்மேல அவளுக்கு அத்தனை நம்பிக்கை.