உன்னாலதான் காது கேட்டுப்போச்சு

பாளையங்கோட்டையிலிருந்து திசையன்விளை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டுக்காரர் மனைவியிடம் சிடுசிடுத்தார்.

"ஏட்டி, உன்னாலதான் நம்ம பிள்ளைக்குக் காது கேட்டுப்போச்சு!"

அவர் மடியில் நாலு வயதுப் பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது.

"நான் என்ன செஞ்சேன்?"

"ஆபீசர் சோதிச்சுப் பாக்கப் பிள்ளைக்குப் பின்னால நின்னு கையைத் தட்டுதாரு. நீ எதுக்குத் திரும்புன? காது கேக்காட்டாலும் உன்னைப் பாத்து அவளும் திரும்பிட்டா. பிள்ளைக்கு நல்லாக் காது கேக்கு, காது மெஷின் வாங்க உதவிப்பணம் கிடையாதுன்னுட்டாரு."

"சத்தம் கேட்டா திரும்பாம என்ன செய்ய? தத்தெடுத்து மூணு மாசந்தான் ஆகுது. அதுக்குள்ள நாம பாக்குத பக்கமெல்லாம் அவளும் பாக்கா."

"பெருமையெல்லாம் வீட்டுல வச்சுக்கோ. திங்கக்கிழமை டாக்டர் சர்டிபிகேட்டோட நான் கூட்டிட்டுப் போறேன். நீ வாசல்லயே நில்லு. என்ன சத்தம் கேட்டாலும் நான் அசைய மாட்டேன்."

பின்னாலிருந்து கண்டக்டர் கத்தினார். "டிக்கெட் எடுக்காதது யாருவே?"

அவர் சட்டென்று திரும்பினார். அவர் முகம் போன திசையில் குழந்தையும் திரும்பி, என்னைப் பார்த்துச் சிரித்தது.

"இப்ப யாராலங்க காது கேட்டுச்சு?" என்றார் அந்த அம்மாள்.