நாலு விரல் குறைந்த ஆன்டெனா

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த குடைக்கடை அம்மையாரின் கணவர் பஸ் டிரைவர் அவர்களே, அமெச்சூர் வானொலி நண்பர்களே, குடைக்கடைத் தெருவிலிருந்து கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் அன்பர்களே, வணக்கம்.

எனக்கு மேடைப் பழக்கம் இல்லை. முப்பத்தொரு ஆண்டுகள் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவன். அதனால் பேசப்போவதை எண்ணிட்டு எழுதி, அச்சடித்து, நேற்றே வாசலில் கொடுக்க ஏற்பாடு செய்தேன். அது உங்கள் கையில் இருக்கிறது. வரிசை மாறினால் எனக்குப் பேச்சு நின்றுவிடும்.

1. குடைக்கடை அம்மையார் நம் சங்கத்துக்கு வந்த விதம்.
2. வெள்ளத்தன்று அவர் ஆற்றிய பணி.
3. ஆன்டெனாவின் அளவுகள் அனைத்தும் என் நோட்டில் உள்ளன. அவற்றை மாற்றாமல் பின்பற்றினால் போதும்.
4. நாம் எடுக்க வேண்டிய உறுதி.

முதலாவது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் சங்கம் ஒரு மடக்கு ஆன்டெனா வாங்கியது. மடக்கினால் கைப்பைக்குள் அடங்கும்; ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் குழாய்களை இழுத்து நீட்டினால் மூன்று ஆள் உயரம். முதல் நாளே நுனியைப் பிடித்து இழுத்து நடுக்கணுவைச் சிக்கவைத்தவன் நான். ரேடியோக் கடைகள் கைவிரித்தன. வேறு வழி தெரியாமல் குடைக்கடைக்குக் கொண்டுபோனேன். அம்மையார் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"கம்பி இருக்கு. துணி எங்கண்ணே?"

"இது ஆன்டெனாம்மா. குடை இல்ல."

"விரிச்சா மழை நிக்குமா?"

"நிக்காது. பேசலாம்."

"யாரோட?"

"யாரு கிடைக்கிறாங்களோ அவங்களோட."

"கடையில நானும் அதைத்தான் பண்றேன்" என்றார்.

அரை மணியில் சிக்கை எடுத்துவிட்டார். "நுனியைப் பிடிச்சு மொத்தமா இழுத்தா எந்தக் கம்பியும் கோவிச்சுக்கும். ஒவ்வொரு கணுவாப் பிடிச்சு இழுங்க. மூடும்போது துடைச்சிட்டு மூடுங்க." என்னுடைய தொழில்நுட்பக் கல்வி அன்றுதான் தொடங்கியது. மறு ஆண்டு, நான் மூன்றாம் முறையில் தேறிய வானொலி உரிமத் தேர்வில் அவர் முதல் முறையிலேயே தேறினார். அதன்பின், வெளியிடங்களில் ஆன்டெனாவை நிறுத்திப் பேசும் நம் கள நிலையத்தின் பொறுப்பாளர் அவரே. அவர் இல்லாமல் நான் ஒருநாளும் ஆன்டெனாவை விரித்ததில்லை.

ஆன்டெனாவை நிறுத்தும் மூன்று கால் ஸ்டாண்டில் ஒரு காலின் பூட்டு தளர்ந்திருந்தது. புதிது வாங்கலாம் என்றேன். "என் கால் சும்மாதானே இருக்கு" என்று அதை மிதித்துக்கொண்டு நிற்பார். தரையில் கம்பிகளைப் பரப்பிவிட்டு நான் மீட்டரைப் பார்ப்பேன். நாம் அனுப்பும் சக்தி ஆன்டெனா வழியே வெளியேற வேண்டும். நீளம் சரியில்லையென்றால் திரும்பி வரும். எவ்வளவு திரும்புகிறது என்பதை மீட்டரின் முள் காட்டும். முள் ஏறினால் கெட்டது, இறங்கினால் நல்லது. இறங்கியதும் நீளத்தை அளந்து, தேதி, இடம், தரை ஈரம் எல்லாம் எழுதுவேன். அவர் என்னை ஸ்கேலண்ணே என்று கூப்பிடுவார்.

"ஸ்கேலண்ணே, நோட்டுல என்னையும் ஒரு வரி எழுதுங்க."

"பொறுப்பாளர்னு உங்க பேரு நோட்டு அட்டையிலயே இருக்கேம்மா."

அவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

இரண்டாவது. மூன்று ஆண்டுகளுக்கு முன் பெய்த மழையில் செல்போன் கோபுரம் சாய்ந்தது. மேலே அணையில் இருக்கும் மதகுக் காவலருக்கும் நமக்கும் இருந்த ஒரே தொடர்பு, பாலத்தருகே நாங்கள் நிறுத்திய அந்த ஒற்றைக் கம்பிதான். இரண்டு மணி நேரம் அம்மையார் ஸ்டாண்டின் காலை மிதித்தபடி நின்றார். கையில் ஒரு குடை. அதை யாருக்குப் பிடித்தார்? ரேடியோவுக்கும் என் நோட்டுக்கும். "நீங்க நனையிறீங்களேம்மா" என்றேன். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. வியாபாரம் படுத்துடும்." சற்று நேரத்தில் காவலரின் குரல் வந்தது: இரண்டு மதகையும் திறக்கிறோம், நாற்பது நிமிடம் இருக்கிறது. நீர் வந்தபோது ஆற்றங்கரைத் தெரு இரண்டிலும் ஓர் உயிர் கூட வீட்டுக்குள் இல்லை. அந்தத் தெருக்காரர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். நான் என்ன கூடுதலாகச் சொல்ல?

மூன்றாவதைக் கடைசிக்குத் தள்ளுகிறேன். வரிசை மாறக் கூடாது என்றவன் நான்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது. மழைக்காலத்துக்கு மூன்று வாரமே இருக்கிறது. "அவர் இல்லாமல் நிலையம் நிற்குமா? நிற்காதென்றால் அணை அலுவலகத்துக்கு இப்போதே சொல்லிவிடுவோம்" என்று தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி. இன்று காலை இந்த மண்டபத்துக்கு வெளியே மைதானத்தில் நிறுத்திக் காட்டச் சொன்னார். நோட்டைத் திறந்து, அங்கே எழுதியிருந்தபடி ஒரு நூல் பிசகாமல் விரித்தேன்.

முள் உச்சியில் நின்றது.

வயரைப் பார்த்தேன். தரைக் கம்பிகளைப் பார்த்தேன். மூன்று முறை அளந்தேன். முள் அசையவில்லை. மடக்கி எடுத்துக்கொண்டுபோய்த் தலைவரிடம் "நிற்காது" என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அப்போது டிரைவர் வந்தார்.

"ஒரு பக்கமா சாஞ்சிருக்கே அண்ணே" என்று அந்தத் தளர்ந்த காலை மிதித்தார். முள் இறங்கியது.

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. நின்னேன்."

"தள்ளிப் போங்க." ஏறியது. "வாங்க." இறங்கியது. "போங்க."

"நான் பஸ்ஸையே இத்தனை தடவை ரிவர்ஸ் எடுத்ததில்ல" என்றார் அவர்.

நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ஆள் நின்றால் ஆன்டெனா சற்றே நீண்டதுபோல வேலை செய்யும். இது தேர்வுப் புத்தகத்தில் உள்ள பாடம். பன்னிரண்டு ஆண்டுகள் ஈரத்தை எழுதினேன், காற்றை எழுதினேன். அவர் எழுதச் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் எழுதவில்லை.

எழுந்து, மேல் கணுவை நாலு விரல் நீளம் கூடுதலாக இழுத்தேன். இருவரும் பத்தடி தள்ளி வந்தோம். முள் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நின்றது. அணையைக் கூப்பிட்டேன். மதகுக் காவலர் பதில் சொன்னார்.

"தெளிவாக் கேக்குது சார். மழைக்கு வந்துடுவீங்கல்ல?"

"வந்துடுவோம்" என்றேன்.

தலைவர் அவர்களே, உங்களைக் கேட்காமல் சங்கத்தின் பெயரால் ஒரு முடிவைச் சொல்லிவிட்டேன். என் வாழ்நாளில் இப்படிச் செய்தது இதுவே முதல் முறை. அதை நீங்கள் ஏற்க வேண்டும். இந்த மூன்று வாரத்தில் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆன்டெனாவைத் தாமே விரித்து, முள்ளைத் தாமே இறக்கி, யார் எங்கே நின்றார் என்பதையும் சேர்த்துத் தம் கையால் எழுத வேண்டும். இதுவே அம்மையாருக்கு நாம் தரும் உறுதி. ஸ்டாண்டுக்குப் புதுப் பூட்டை டிரைவர் நாளை போட்டுத் தருகிறார்.

இனி மூன்றாவது. தாளை எடுத்து அந்த வரியை அடித்துவிடுங்கள். அது தவறு. என் நோட்டில் இருப்பவை, அம்மையார் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் சரியாக இருந்த அளவுகள்.