மூச்சுக்குழாயைச் சுற்றிய வளையம்

கும்பகோணத்திலிருந்து திருப்பனந்தாள் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் இரண்டு வயதுப் பெண் குழந்தை தூங்கியது. மற்றவள் அவள் கணவனின் அக்கா. தாய்வீட்டில் இருந்த இளையவளைப் புகுந்த வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருந்தாள்.

"புள்ளைக்கு ஊட்டத் தெரியாதவன்னு சொன்னீங்கள்ல அண்ணி, அந்தப் பேச்சை எல்லார் முன்னாடியும் திருப்பி வாங்கிக்கங்க" என்றாள் இளையவள்.

"அப்ப யாருக்குடி தெரியும்? டாக்டரே வீசிங்னுதானே மருந்து குடுத்தாரு."

"பொறந்ததுலேருந்து மூச்சுல கொர்ருனு சத்தம். ஒரு வாய் சோறு குடுத்தா விக்கி நீலம் பாரிச்சுடும். வேற ஆஸ்பத்திரி போகலாம்னு நான் அழுதப்ப, வேலைக்குச் சோம்பிக்கிட்டு நடிக்கிறாள்னு சொன்னீங்க."

"சரி, விடு."

"கடைசியில ஸ்கேன்ல என்ன தெரிஞ்சுது? ரத்தக்குழாய் ஒண்ணு தப்பா வளந்து, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் சேத்து வளையமா நெரிச்சிருக்கு. வயித்துல இருக்கும்போதே அப்படி ஆயிடுச்சாம். யார் மேலயும் தப்பு இல்லன்னாங்க."

"அதான் ஆபரேஷன் முடிஞ்சு இட்லி திங்கிறாளே, இன்னும் என்ன?"

பஸ் சோழபுரம் தாண்டியதும் அக்காக்காரி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"வயித்துலயே வந்துச்சுன்னா, உங்கம்மா வழியில யாருக்காச்சும் இது இருந்துச்சா?"

இளையவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தாள்.

"கண்டக்டர், கொஞ்சம் நிறுத்துங்க. நாங்க எங்கம்மா வீட்டுக்கே திரும்பிப் போறோம்."