நாலு தட்டு, ஒரு இடைவெளி

— கதவச் சாத்தாதீங்க தம்பி. அது திறந்தே இருக்கட்டும்.

— சாரல் அடிக்குதே டிரைவரண்ணே. தரையெல்லாம் நனையுது.

— நனைஞ்சா காயும். நீங்க உக்காருங்க. ஏம்மா, யாரு வந்திருக்காருன்னு பாரு. நம்ம டிரம்ஸ் தம்பி.

— பாத்தேன், பாத்தேன். ஊர்ல இருக்கிற சுவத்துல எல்லாம் இவர் மூஞ்சிதானே. சனிக்கிழமை கடைசிக் கச்சேரியாமே? இனிமேலாவது ஓட்டல்காரங்க நிம்மதியாத் தூங்குவாங்க.

— அக்கா இன்னும் அதெல்லாம் மறக்கல.

— எப்படிங்க மறக்கும்? ஆறாவது மாடியிலேர்ந்து டிவியத் தூக்கி நீச்சல் குளத்துல போட்டீங்க. மேடையில கிட்டாரக் கொளுத்தறேன்னு திரையக் கொளுத்தினீங்க. ஆசையா ஒரு விருதுக் கோப்பை குடுத்தா, அதுல தெரு நாய்க்குத் தண்ணி வெச்சீங்க. மூணு ஊர்ல உள்ளயே விட மாட்டேன்னாங்க. அத்தனைக்கும் வண்டிய எடுத்துக்கிட்டு ஓடினது இந்த மனுஷன்.

— விடும்மா, பழைய கதை. போய் டீ போடு.

— போடறேன். ஆனா இவரக் குடிகாரன்னு டிவியில சொன்னீங்க பாருங்க, அது மட்டும் எனக்கு ஆறவே ஆறாது.

— அதுக்குத்தான் வந்தேன் அண்ணே. அந்தப் பெட்டி விஷயம்.

— அதுவா? "எங்க டிரைவர் குடிச்சிட்டு டிரம்ஸ் பெட்டிக்குள்ளயே படுத்துத் தூங்கிட்டாரு." எத்தனை பேட்டியில சொல்லிச் சிரிச்சாச்சு. நான் ஒரு சொட்டு தொட்டதில்ல தம்பி. அதுக்கப்புறம் எவனும் என்னை நம்பிச் சாவியக் குடுக்கல. இருபது வருஷமா டிப்போவுல பஸ் கழுவறேன்.

— சனிக்கிழமை மேடையில உண்மையச் சொல்லப் போறேன், சத்தியமா. பந்தயம்னு சொல்லி உங்களப் பெட்டிக்குள்ள உக்கார வெச்சது நாங்க. மூடித் தாழ் போட்டது நான். அஞ்சு நிமிஷ விளையாட்டுன்னுதான் நெனச்சோம். அதுக்குள்ள பத்திரிகைக்காரங்க வந்துட்டாங்க. போட்டோ, பேட்டின்னு…

— மறந்துட்டீங்க. சரி சரி. சின்ன வயசு, கண்ணு மண்ணு தெரியாம ஆடினீங்க. அதுக்கு ஏன் இப்படிக் கலங்கறீங்க? நான் தட்டினது யாருக்கும் கேட்கல. கேட்டிருந்தா ஓடி வந்து திறந்திருப்பீங்க. இத்தனை வருஷமா அப்படி நெனச்சுதான் மனசத் தேத்திக்கிட்டிருக்கேன்.

— அண்ணே.

— சொல்லுங்க.

— எனக்குக் கேட்டுச்சு.

— என்ன கேட்டுச்சு?

— நீங்க தட்டினது. மத்தவங்கல்லாம் வெளிய போட்டோவுக்கு நின்னுக்கிட்டிருந்தாங்க. நான் மட்டும் உள்ள வந்தேன். திறக்கத்தாண்ணே வந்தேன், சத்தியமா. அப்பப் பாத்து நாலு தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி நாலு. என் கை தானாத் தொடையில தாளம் போட ஆரம்பிச்சிடுச்சு. இன்னும் ஒரே ஒரு நிமிஷம்னு நெனச்சேன். டேப் ரெக்கார்டர எடுத்துப் பெட்டி மேல வெச்சேன்.

— எவ்வளவு நேரம்?

— கேசட்டு ஒரு பக்கம் முழுசா.

— முக்கா மணி நேரம்.

— ஆமாண்ணே.

— அப்ப அந்தப் பாட்டு…

— அதேதான். எங்களத் தூக்கி நிறுத்தின பாட்டு. ஊரே கை தட்டற அந்த ஆரம்பம் உங்க கை. பேரு மட்டும் எனக்கு.

— டீ ஆறுது, எடுத்துக்கோங்க. அந்தப் பாட்டப் பத்தியா பேசறீங்க? அது எங்க கேட்டாலும் இவரு எழுந்து வெளிய போயிடுவாரு. ஏன்னு கேட்டா, காத்து வேணும்பாரு.

— நாலு தட்டு யாரு வேணாலும் தட்டலாம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். தம்பி, இதையும் மேடையில சொல்லப் போறீங்களா?

— நீங்க குடிக்கலங்கறதக் கண்டிப்பாச் சொல்லிடறேன். இது… பயமா இருக்குண்ணே. சொல்லிட்டா அப்புறம் அந்தப் பாட்ட யாரு கேப்பாங்க?

— ம். நடுவுல ஒரு இடைவெளி விடறீங்களே, அத யாராவது என்னன்னு கேட்டிருக்காங்களா?

— கேட்காத ஆளில்ல. அதுதான் அந்தப் பாட்டுக்கே உசுரு. அம்பதாயிரம் பேர் மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. எப்படி அங்க நிறுத்தணும்னு தோணுச்சுன்னு கேப்பாங்க. எனக்குப் பதில் தெரியாது. கை வலிச்சு நிறுத்தினீங்களாண்ணே?

— கை வலிக்கலப்பா. நாலு தட்டு தட்டிட்டு, யாராவது வர்ற காலடிச் சத்தம் கேட்குதான்னு மூடியில காத வெச்சுப் பாப்பேன்.