வெறும் வயிற்றில் போடாதே

பெரிய மார்க்கெட்டில் பஸ் கிளம்பியதும், என் முன் சீட்டில் பூக்கூடையோடு இருந்த பெண் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்: "செத்துப்போன எங்க வூட்டுக்காரரு நேத்தும் பேசினாருக்கா. கேஸை அணைச்சியான்னு கேட்டாரு."

"உசுரோட இருந்தப்போ அடுப்பங்கரைப் பக்கமே வரமாட்டாரே!" கழுத்தில் சிலுவை அணிந்திருந்த அக்கா சிரித்தார்.

"எல்லாம் உன் மனசும்மான்னு பையன் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனான். பேச்சு நின்னுடும்னு மாத்திரை குடுத்தாங்க. மனசு பேசினா என் குரல்லதானே கேக்கணும்?"

"மாத்திரை போட்டியா?"

"கையில எடுத்தேன். வெறும் வயித்துல போடாதன்னு எங்க வூட்டுக்காரரு சொன்னாரு. அப்படிச் சொல்ற மனுஷன் வாயை எப்படிக்கா அடைக்கிறது? வச்சுட்டேன்."

அக்கா சிரிக்கவில்லை.

"எங்காளு ஆண்டவர்கிட்ட போயிட்டாருன்னு ஃபாதர் சொன்னாரு. கல்லறையில மெழுகுவத்தி ஏத்திட்டு எவ்ளோ நேரம் நிக்கிறேன், ஒரு வார்த்தை வரல. பேச வைக்க மாத்திரை இருக்கான்னு உன் டாக்டரைக் கேளேன்."