என் நாற்பத்தாறு

– மாடியால இல்ல, தென்னை மரத்தால விழுந்த ஆள். கோட் நம்பரை மறுகா ஒருக்காச் சொல்லு.

– சரி, சரி. முழங்கைக்குக் கீழ முறிவு, எஸ் அம்பத்திரெண்டு. மரத்தால விழுந்ததுக்கு டபிள்யூ பதினாலு. சரியா?

– சரி. மகாராணிக்கு ரெண்டு மார்க்ஸ். இந்தச் சவூதித் தமாம்ல தென்னை மரம் எங்கால எண்டு கேக்காத. அது பேரீச்ச மரம். உனக்காகத் தென்னையாக்கின நான்தான்.

– இஞ்சப் பாருங்க, விளையாடாம வாசிங்க. சனிக்கிழமை பரீட்சை. பாஸானாத்தான் உங்கட ஆஸ்பத்திரியில வேலையும் விசாவும். உங்கட சாப்பாட்டு நேரம் முடிஞ்சா மறுகா நாளைக்குத்தான்.

– இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கு. ஆஸ்பத்திரிப் பைல் அறைக்குள்ளதான் இரிக்கன், ஒருத்தரும் இல்ல. அங்க என்ன இரைச்சல், மழையா?

– கடல். ரெண்டு நாளா ஒரு தோணியும் இறங்கல்ல. எல்லாம் ஒலுவில் துறைமுகத்திலதான் கட்டிக் கிடக்காம்.

– போனை ஜன்னலுக்குக் கிட்டப் புடி. கதைக்காத, கொஞ்சம் கேக்கட்டும்.

– கேட்டீங்களா?

– ம். காணும். இனி ஜன்னலைச் சாத்து. அடுத்த கேஸ். பொம்புள, அறுவத்திரெண்டு வயசு, நெஞ்சு நோ. டொக்டர் எழுதியிரிக்கார், ஹார்ட் அட்டாக்கா இரிக்கலாம் எண்டு.

– வாட்டுல படுத்தவவா?

– இல்ல, வந்து காட்டிட்டுப் போனவ.

– அப்ப ஹார்ட் அட்டாக் எண்டு போடக்கூடா. நெஞ்சு நோ மட்டும். ஆர் ஏழு. ‘இரிக்கலாம்’ எண்டதையெல்லாம் நாம எழுதினா, இல்லாத வருத்தம் அந்த மனிசிட பேரில ஏறிரும். மறுகா ஆயுசுக்கும் அவட பைல்ல கிடக்கும்.

– மாஷா அல்லாஹ். எங்கட இன்சார்ஜுக்கே இது விளங்கிறல்ல, கண்டியா. நீ வந்து அவனுக்குப் படிப்பி.

– நேத்து மாமிக்குப் படிப்பிச்சன்.

– உம்மா வந்தவவா? நீ சொல்லவே இல்ல?

– இப்பதானே சொல்றன். மருதமுனையிலிரிந்து ஓட்டோ புடிச்சி வந்தா. என்னத்தெப் புள்ள விழுந்து விழுந்து படிக்கிறாய் எண்டு கேட்டா. ஒவ்வொரு வருத்தத்துக்கும் ஒரு எழுத்தும் இலக்கமும் இரிக்கு மாமி, அதைச் சரியாப் போட்டாத்தான் இன்சூரன்ஸ்காரன் பில்லைக் கட்டுவான் எண்டன். ‘அப்ப மலடுக்கும் ஒண்டு இரிக்குமே’ எண்டா.

– உம்மாக்கு வாய்... நீ மனசில எடுக்காத, புள்ள.

– நான் எடுக்கல்ல. தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். குடிச்சிட்டு ஒரு போட்டோவை எடுத்து மேசையில வெச்சா. அக்கரைப்பற்றுப் புள்ளையாம், இருவத்தாறு வயசாம். ‘என்ட மகன் அஸீம்ட புள்ளைய ஒருக்காத் தூக்காம நான் மவுத்தாகிறதா, நீ ஓம் எண்டு சொன்னாத்தான் அவன் இந்தக் கலியாணத்துக்குச் சம்மதிப்பான்’ எண்டு என்ட கையைப் புடிச்சி அழுதா.

– நீ என்ன சொன்ன?

– பரீட்சை முடியட்டும் மாமி எண்டன். போட்டோ இன்னம் என்ட கொப்பிக்கு மேலதான் கிடக்கு. நல்ல வடிவு. சிரிச்ச முகம்.

– இன்னொரு கேஸ் சொல்றன். எழுதிக்கொள்ளு.

– பேனையை எடுத்திட்டன்.

– ஆம்புள. முப்பத்தெட்டு வயசு. கலியாணம் முடிச்சி ஒம்பது வருசம். புள்ளை இல்ல. ரெண்டு தரம் சோதிச்சிரிக்காங்க, ரெண்டு தரமும்...

– எழுத்து என், நாப்பத்தாறு.

– நான் இன்னம் சொல்லி முடிக்கல்ல.

– சரி, முடிங்க.

– ரெண்டு தரமும் ரிப்போட் ஒண்டுதான். அந்த ஆளால ஏலாது. மருந்துக்கும் சரிவராது எண்டு டொக்டர் எழுதியிரிக்கார்.

– இரிக்கலாம் எண்டு எழுதல்லையே?

– இல்ல. நிச்சயமா எழுதியிரிக்கார்.

– அப்ப என் நாப்பத்தாறுதான், ஆம்புளைக்குப் புள்ளைப் பாக்கியம் இல்ல எண்ட கோட். அந்தாள்ட பொஞ்சாதிக்கு என்ன போட்டிரிக்கு?

– பொஞ்சாதி இங்க இல்ல. ஊரில.

– எந்த ஊர்?

– அதெல்லாம் பரீட்சையில கேக்க மாட்டாங்க.

– இஞ்சப் பாருங்க. மத்தக் கேஸெல்லாம் வாசிக்கக்குள்ள பேப்பர் புரளுற சத்தம் வந்திச்சி. இதுக்கு ஒரு சத்தமும் வரல்ல. இதை நீங்க பார்த்து வாசிக்கல்ல. பேரைச் சொல்லுங்க.

– முஸ்பிறா...

– என்ட பேரை இல்ல. அந்த ஆள்ட பேரை.

– நான்தான். நான்தான், புள்ள. மூணு வருசமாச்சி.

– மூணு வருசம்.

– ஏசு. உன்ட உம்மா வாப்பாவக் கூப்பிட்டுச் சொல்லு. ரிப்போட் வந்த அண்டே உனக்குக் கோல் எடுத்தன். சத்தியமா எடுத்தன். நான் வாய் திறக்க முதல் நீ சொன்னாய், கண்டி டொக்டர் புது மருந்து தந்திரிக்கார், நீங்க அடுத்த லீவுக்கு வாறதுக்குள்ள என்ட உடம்பைச் சரியாக்கிருவன் எண்டு. உன்ட குரல்ல அவ்வளவு சந்தோசம். நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டே...

– அந்த மருந்து குடிச்சிக் குடிச்சி என்ட முடியெல்லாம் கொட்டிச்சி, தெரியுமா? கண்டியில வயித்தில மூணு இடத்தில துளை போட்டு உள்ளுக்குக் கமரா விட்டுப் பாத்தாங்க. நோவோட நான் பஸ்ஸில வந்தன், தனியா. உங்கட உம்மா கேட்டா, ‘இப்பவாவது குறையைக் கண்டுபுடிச்சாங்களா’ எண்டு.

– தெரியும்.

– பக்கத்து வீட்டு ஸப்னாட புள்ளைக்கு முடி இறக்கக்குள்ள, என்ட மடியில கிடந்த புள்ளையை வாங்கி அடுத்த ஆள்ட கையில குடுத்தாங்க. சிரிச்சிச் சிரிச்சித்தான் வாங்கினாங்க. அண்டைக்கும் நீங்க கோல் எடுத்தீங்க. பிரியாணி நல்லமா எண்டு கேட்டீங்க.

– அல்லாஹ்வுக்காக மன்னிச்சிரு.

– வேற ஆள்ட வருத்தத்தை இன்னொருத்தர்ட பேரில போட்டா, கம்பனிக்காரன் பில்லைத் திருப்பி அனுப்புவான். நீங்க என்ட பேரில போட்டீங்க. நான் ஒருக்காலும் திருப்பி அனுப்பல்ல. இந்த ஊரில எல்லாருக்கும் நானே கட்டினன்.

– நேத்து உம்மா போட்டோ கொண்டு வந்த எண்டு நீ சொன்னாய் பாரு, இனி என்னால மூடி வைக்க ஏலாது. இன்னொரு புள்ளையையும் இதுக்குள்ள இழுத்து... இல்ல, அது பாவம். முஸ்பிறா, உனக்கு வயசு முப்பத்திரெண்டுதான். நீ என்னை விட்டிட்டுப் போகணும் எண்டாலும், வேற வாழ்க்கை வேணும் எண்டாலும், நான் குறுக்க நிக்க மாட்டன். காதியாருக்கு நானே எழுதித் தாறன்.

– நான் உங்கக்கிட்ட அதைக் கேட்டனா?

– இல்ல.

– கேக்காததைத் தரவேணாம். மாமிக்குச் சொல்லுங்க.

– சொல்றன். லீவுக்கு வந்து, பக்கத்தில இருத்தி...

– இண்டைக்கு. எனக்குக் கட் பண்ணிட்டு அடுத்த கோல் அவக்கு.

– ஒரு ஆம்புளப் புள்ள உம்மாக்கிட்ட இதை எப்படிச் சொல்ற?

– எனக்குச் சொன்ன மாதிரித்தான். ‘நான்தான், உம்மா’ எண்டு. ஒரு பேச்சுத்தான். அவ அழுவா. அழட்டும். மறுகா ஓட்டோ புடிச்சி என்னத் தேடித்தான் வருவா, வேற எங்க போற? நான் பாத்துக்கொள்றன்.

– சரி. இண்டைக்கே சொல்றன். வல்லாஹி சொல்றன்.

– விசாப் பேப்பரையும் குடுங்க. சனிக்கிழமை நான் பாஸ். அந்த ஆஸ்பத்திரி என்னை எடுக்குதோ இல்லையோ, உங்கட ஒத்தை அறையில வந்து இரிப்பன். கலியாணம் முடிச்சி ஒம்பது வருசம், எல்லாத்தையும் சேத்தா பதினாலு மாசம்தான் நாம ஒண்டா இரிந்த. புள்ளையை நினைச்சி அழுத அளவுக்கு உங்களையும் நினைச்சி அழுதிரிக்கன். அதை ஒருத்தரும் கேக்கல்ல.

– நீ மெய்யாத்தான் வாறாயா?

– வாறன்.

– முஸ்பிறா, நீ ஏசின, சரி. ஆனா நீ திடுக்கிடல்ல. நான் பாதி சொல்லக்குள்ளயே நீ கோட் நம்பரைச் சொன்ன. புத்தகம் புரட்டவும் இல்ல. உனக்கு முதலே தெரியுமா?

– போன ஹஜ்ஜிப் பெருநாளைக்கு நீங்க வந்தநேரம் சூட்கேஸைத் துடைச்சி வெயில்ல வெச்சன். உள்பையில ஒரு பில் துண்டு. எல்லாம் அரபி. உங்கட பேர் மட்டும் இங்கிலீசில. அதுக்குப் பக்கத்துப் பெட்டியில ஒரு எழுத்தும் ரெண்டு இலக்கமும்.

– யா அல்லாஹ்.

– ஆருக்கிட்டக் காட்டுற? பார்மசியில நிக்கிற மிஹ்லார் உங்கட மச்சான். அவன்ட கையில குடுத்தா அஸர் தொழுகைக்குள்ள ஊர் முழுக்கப் போயிரும். போன்ல தட்டிப் பாத்தன், ஒரு பதில் வந்திச்சி. போன் சொன்னதை நம்ப எனக்கு மனம் வரல்ல.

– எனக்கிட்டக் கேட்டிரிக்கலாமே, புள்ள.

– கேட்டா, இல்ல எண்டு சொல்லிருவீங்களோ எண்டு பயம். நீங்களாச் சொல்லணும் எண்டு ஆசை. நீங்க கோல் எடுக்கக்குள்ளெல்லாம் இண்டைக்குச் சொல்லுவார், இண்டைக்குச் சொல்லுவார் எண்டு இரிந்தன். நீங்க கை முறிவு வாசிச்சீங்க, டெங்கு வாசிச்சீங்க, சீனி வருத்தம் வாசிச்சீங்க. எட்டு மாசம்.

– அப்ப இந்தப் படிப்பு? விசாவுக்குத்தானே நீ...

– விசாக் கதையை எடுத்தது நீங்க. கல்முனை வகுப்பில முதல் நாள் புத்தகம் தந்தநேரம் எல்லாரும் ஏயிலிரிந்து தொடங்கினாங்க. நான் என் நாப்பத்தாறு கிடக்கிற அந்த ஒரு பக்கத்தை வாசிக்கத்தான் போயிரிந்தன்.