தளத்தின் மேல் விழுந்த துண்டு

ஈஸ்வரி: யோவ், போன வெச்சிராம மறுபடி மொதல்லேர்ந்து சொல்லு. எதிரி போட்ட குண்டு என் தம்பி மேல வுழல. அப்ப வுழுந்தது இன்னா?

கோவிந்தன்: எத்தினி வாட்டிமே சொல்றது… வந்தது ட்ரோனு, ஆளில்லாத குட்டி பிளேனு. அத அடிக்க, நாங்க வேலைக்கு வந்துகீற இந்த நாட்டு பட்டாளம் தரையிலேர்ந்து ஏவுகணை வுட்டுச்சு. ரெண்டும் ஆகாசத்துல வெடிச்சுது. அந்தத் துண்டு ஒண்ணு…

ஈஸ்வரி: காப்பாத்த வுட்டதுதான் என் தம்பி கண்ணக் கெடுத்துச்சா?

கோவிந்தன்: கெட்டுப்போச்சின்னு டாக்டரு சொல்லல. ரெண்டு கண்ணுலயும் கட்டு போட்டுகீறாங்க.

ஈஸ்வரி: ரஞ்சித்து பேசறானா?

கோவிந்தன்: நான் கம்பெனி ஆளுங்க தங்கற கேம்புல கீறேன், அவன் ஆஸ்பத்திரில. பேசற நெலமையில இல்லமே.

ஈஸ்வரி: ம்… பேசற நெலமையில இல்ல. சரி. அந்த ஏவுகணைய எவன் ஓட்றான்? குடிச்சிட்டு ஓட்றானா?

கோவிந்தன்: உள்ள ஆளே இல்ல. கீழ லாரி மேல ஒரு ரேடாரு. ட்ரோனு எங்க கீது, எவ்ளோ வேகம்னு அது பாக்கும். பறக்கற ஏவுகணைக்கு, இப்டி திரும்பு, அப்டி திரும்புன்னு கீழேர்ந்தே சேதி போவும். கிட்ட போனதும், அதோட மூக்குல ஒரு ரேடாரு கீது பாரு, அது தானே பாத்துக்கும்.

ஈஸ்வரி: போயி முட்டுமா?

கோவிந்தன்: எல்லாம் முட்டாது. பக்கத்துல போயி வெடிச்சாலே போதும், சில்லு சில்லா செதறி ட்ரோன ஓட்ட போட்ரும். ட்ரோனு இப்ப கீற எடத்துக்கு அது போவாதுமே. அடுத்து எங்க வரப்போவுதோ, அங்க போவும்.

ஈஸ்வரி: இத இன்னா அதிசயமா சொல்ற? சாமை வெதச்ச கொல்லையில நான் கிளிக்கு கவண் வுட்றது எப்டி? கிளிய பாத்தா வுட்றேன்? அது பறந்து போற பக்கம் கொஞ்சம் முன்னாடி வுட்றேன்.

கோவிந்தன்: அதேதான்…

ஈஸ்வரி: அதேவா? நாங்க கல்லு வுட்றதுக்கு முன்ன, பக்கத்துக் கொல்லையில ஆளு கீதான்னு கூவுவோம். பதில் கொரல் வந்தா கல்ல கீழ போட்ருவோம். கிளி தின்னா தின்னுட்டுப் போவுது. அவ்ளோ பெரிய ரேடாரு, கீழ மனுசன் நிக்கறத பாக்காதா?

கோவிந்தன்: அது மேலதான்மே பாக்கும். கீழ கீறவனுக்கு சைரன் அடிப்பாங்க. அடிச்சாங்க.

ஈஸ்வரி: அப்ப அவன் கட்டடத்துலேர்ந்து ஏன் எறங்கல?

கோவிந்தன்: …வேடிக்க பாக்க நின்னுட்டான். செல்லுல படம் புடிக்க…

ஈஸ்வரி: யாரு, ரஞ்சித்தா? காட்டுப்பன்னிய வெரட்ட வெடி போட்டாலே காத பொத்திக்கினு வூட்டுக்குள்ள ஓடுவான். அவன் ஏவுகணைய படம் புடிச்சானா?

கோவிந்தன்: அதில்லமே…

ஈஸ்வரி: உங்கள அனுப்புன ஏஜெண்டும் நேத்து இதத்தான்யா சொன்னான். அவனா மேல ஏறி நின்னான், வைத்தியத்துக்கு கம்பெனி பொறுப்பில்லன்னு. கம்பெனிக்காரன் பேச்சு உன் வாயில எப்டி வந்துச்சு?

கோவிந்தன்: கத்தாத…

ஈஸ்வரி: கத்துவேன். நம்ம ஊரு புதூர்நாடு பூரா கேக்கற மாரி கத்துவேன். நீ என் புருசன்னா நெசத்த சொல்லு. சைரன் அடிக்கசொல்ல அவன் கையில இன்னா இருந்துச்சு?

கோவிந்தன்: அதெல்லாம் இப்ப எதுக்குமே…

ஈஸ்வரி: சொல்றியா, போன வெச்சிரட்டுமா?

கோவிந்தன்: …வைப்ரேட்டரு.

ஈஸ்வரி: அப்டின்னா?

கோவிந்தன்: நாலாவது மாடிக்கு தளம் போட்டுகினு இருந்தோம். காங்கிரீட்டு கொட்டக் கொட்ட அந்த மெசின உள்ள வுட்டு ஆட்டணும். பாதில நிறுத்தனா தளம் ஒட்டாது, வீணாப் பூடும். ஃபோர்மேன் சொன்னான், மத்தவன்லாம் எறங்கு, வைப்ரேட்டரு புடிக்கறவன் நில்லுன்னு.

ஈஸ்வரி: சிமெண்டு வீணாவக் கூடாது… என் தம்பி வீணாப் போலாமா?

கோவிந்தன்: நான் கைய புடிச்சி இழுத்தேன். "நீ போ மாமா, இன்னும் கொஞ்சந்தான்"னான்.

ஈஸ்வரி: இத கம்பெனில சொன்னியா?

கோவிந்தன்: கேட்டாங்க…

ஈஸ்வரி: இன்னா சொன்ன?

கோவிந்தன்: பாஸ்போர்ட்டு அவங்க கையில கீதுமே. இப்டி சொல்லு, உன்ன ஊருக்கு அனுப்பறோம்னாங்க. வேடிக்க பாக்கத்தான் நின்னான்னு… கம்பெனி கேமரா எதுர்ல சொல்லிட்டேன்.

ஈஸ்வரி: தூ! கண்ணு கட்டிகினு அவன் அங்க கெடக்க, நீ மட்டும் பிளேன் ஏறி வந்து என் கையால கூழு குடிப்பியா?

கோவிந்தன்: தெனம் தலைக்கு மேல வெடிக்குது ஈஸ்வரி. பயந்துட்டேன்… அவன்கிட்ட மட்டும் சொல்லிறாத. தாங்க மாட்டான்.

ஈஸ்வரி: நான் எதுக்குய்யா சொல்லணும்? கேரளா நர்ஸம்மா ஒண்ணு அவனுக்கு போன் குடுத்துகீது. அவன லைன்ல வெச்சிகினுதான் உன்ன கூப்ட்டேன். தம்பி… கேட்டியாடா?

ரஞ்சித்குமார்: கேட்டேன்க்கா. மாமா… கட்டு கண்ணுலதான், காதுல இல்ல. நாளைக்கு அந்த கேமராக்காரன கூட்டிகினு என் கட்டிலாண்ட வா. இப்ப அக்காகிட்ட சொன்னத, என் கைய புடிச்சிகினு அவன் எதுர்ல சொல்லு.